ரோமாபுரியில் கால்நடையாக

ரோம் நகரப் பேருந்தில் நடத்துநர் கிடையாது. போய் இறங்கிய முதல் வாரத்தில் என்னைத் திகைக்க வைத்தது அதுதான். அரியலூர் மாவட்டத்து வரதராஜன்பேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பேருந்து என்றாலே நடத்துநர்தான். ஆண்டிமடத்தில் ஏறினாலும் ஜெயங்கொண்டத்தில் ஏறினாலும் தோல்பையும் விசிலுமாக வந்து, "எங்கம்மா போவணும்?" என்று கேட்பார். பதில் சொல்லிவிட்டால் போதும். எங்கே இறங்குவது, எங்கே வண்டி மாறுவது, கடைசி வண்டி போய்விட்டதா என்பதெல்லாம் அதன்பிறகு அவர் பொறுப்பு. பக்கத்து இருக்கைப் பாட்டியும் சேர்ந்துகொள்வாள். எங்கள் பக்கத்துப் பேருந்தை யாரும் படித்துத் தெரிந்துகொள்வதில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம்.

ரோமில் யாரும் கேட்பதில்லை. ஓட்டுநர் தடுப்புக்கு அந்தப் பக்கம் தனியே இருப்பார். முன்கதவிலும் பின்கதவிலும் ஏறுவார்கள், நடுக்கதவில் இறங்குவார்கள். அப்போது சீட்டை வெளியிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வாசலில் பெரிய 'டி' எழுத்துப் பலகை மாட்டிய புகையிலைக் கடையிலோ, பத்திரிகைக் கடையிலோ விற்பார்கள். ஏறியதும் வண்டிக்குள் இருக்கும் சிறு பெட்டியில் அதைச் செருகினால் நேரம் பதிவாகும். நான் போன 2011இல் ஒரு சீட்டு 1 யூரோ. 75 நிமிடம் செல்லும். அடுத்த ஆண்டே 1.50 யூரோ, 100 நிமிடம் என்று மாறியது. அந்த நேரத்துக்குள் எத்தனை பேருந்தும் டிராமும் மாறலாம், மெட்ரோவில் மட்டும் ஒரே ஒருமுறை. ஒரு நிறுத்தம் போனாலும் நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போனாலும் அதே காசு. எங்கே போகிறாய் என்ற கேள்வியே அந்தச் சீட்டில் இல்லை. அந்தக் கேள்வியை நான்தான் என்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் துறவற சபையின் மூத்த சகோதரிகள் தங்கும் இல்லம் வியா மெருலானா என்ற சாலைக்குப் பக்கத்தில் இருந்தது. அவர்களைப் பார்த்துக்கொள்வதற்காகத்தான் என்னை அனுப்பியிருந்தார்கள். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, இரவில் எழுந்து பார்ப்பது. கூடவே வெளிவேலையும் வந்து சேர்ந்தது. வத்திக்கானுக்குள் ஒரு மருந்துக்கடை உண்டு. வெளியே கிடைக்காத சில மருந்துகள் அங்கே கிடைக்கும் என்று ரோம் நகரத்தாரே மருத்துவர் சீட்டோடு வந்து வரிசையில் நிற்பார்கள். புனித அன்னா வாசலில் சுவிஸ் காவலரிடம் சீட்டைக் காட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். அந்த வேலை எனக்கு வந்தது.

மூத்த சகோதரிகளில் ஒருவர் மாந்துவா மாவட்டத்துக்காரர். எண்பதைக் கடந்தவர், கால் வராதவர், ஆனால் ரோம் முழுதும் அவர் தலைக்குள் இருந்தது. நான் பேருந்து எண்களைத் தாளில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பேருந்து, வழி தெரிந்தவர்களுக்கு. நீ முதலில் நட, மகளே." தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வத்திக்கான் பக்கம் போகிற 64ஆம் எண் பேருந்தின் தடத்தில், ஒவ்வொரு நிறுத்தமாக நடந்து போகச் சொன்னார். ஒவ்வொரு கம்பத்தருகிலும் நின்று பெயரைப் படிக்க வேண்டும், திரும்பி வந்து வரிசை தவறாமல் அவரிடம் ஒப்பிக்க வேண்டும்.

அப்படித்தான் வியா நாசியொனாலேயின் சரிவில் இறங்கினேன். பியாஸ்ஸா வெனேசியாவின் வெள்ளை நினைவு மண்டபம், அதைத் தாண்டி லார்கோ அர்ஜென்தீனா. சாலை மட்டத்துக்குக் கீழே பழைய கோயில்களின் தூண்கள், அவற்றின் மேல் வெயில் காயும் பூனைகள். ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்ற மண்டபம் அந்த இடத்தை ஒட்டித்தான் இருந்தது. இன்று அதைச் சுற்றிப் பல தடத்துப் பேருந்துகள் நிற்கின்றன. பிறகு கோர்ஸோ வித்தோரியோ, கியேஸா நுவோவா என்கிற கோயில், டைபர் ஆறு. ஆற்றைத் தாண்டினால் பேதுரு பேராலயம். நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பலமுறை நடந்த பிறகு ஒருநாள் 64இல் ஏறியபோது, நின்ற இடத்திலிருந்து ஜன்னல்கூடத் தெரியாத நெரிசல். ஆனாலும் வண்டி திரும்புகிற திருப்பத்தையும் ஏறுகிற மேட்டையும் வைத்தே எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. ஆண்டிமடத்திலிருந்து வரும்போது கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் எங்கள் ஊர்த் திருப்பம் எனக்குத் தெரியும். அந்தத் தெளிவு இன்னொரு ஊரிலும் கிடைக்கும் என்று நான் நினைத்ததில்லை.

64இல் ஜேப்படிக்காரர்கள் அதிகம் என்பது ரோமில் எல்லோருக்கும் தெரியும். பையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். புதன்கிழமைகளில் பாப்பரசரின் பொதுச் சந்திப்புக்கு வரும் கூட்டத்தில் அந்தத் தடத்துக்குப் போகாமலிருப்பதே நல்லது.

ரோம் ஏன் நடப்பவர்களுக்கு இத்தனை எளிதாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1585 முதல் 1590 வரை பாப்பரசராக இருந்த ஐந்தாம் சிக்ஸ்துஸ், திருயாத்திரைக்கு வருபவர்கள் ஒரு பேராலயத்திலிருந்து இன்னொன்றுக்கு வழி தவறாமல் போக வேண்டும் என்று நேர்கோட்டில் சாலைகள் போட்டார். பழைய ரோமானியர்கள் எகிப்திலிருந்து கொண்டுவந்து, பின்னாளில் பெரும்பாலும் மண்ணில் புதைந்துபோன ஒற்றைக்கல் தூண்களை எடுத்துப் பேராலயங்களை ஒட்டி நிறுத்தினார். பேதுரு சதுக்கத்துத் தூண் 1586இல் அங்கே நகர்த்தப்பட்டது. மரியன்னைப் பேராலயத்தின் பின்புறத் தூண் 1587இல், லாத்தரன் தூண் 1588இல். மொழி தெரியாதவரும் எழுத்துத் தெரியாதவரும் தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். எங்கள் இல்லத்து வாசலில் நின்றால் வியா மெருலானாவின் ஒரு முனையில் மரியன்னைப் பேராலயம், மறு முனையில் லாத்தரன். நானூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு வெளியூர் ஏழை யாத்திரீகருக்காகப் போட்ட ஏற்பாடு, முந்திரிக்காட்டு ஊரிலிருந்து வந்த எனக்கும் உதவியது. நகரம் அமைக்கிறவர்கள் முதலில் யாரை மனதில் வைத்துக்கொள்கிறார்கள் என்பது எத்தனை பெரிய விஷயம்!

தண்ணீரும் அப்படித்தான். தெருமுனைகளில் இடுப்பளவு உயரத்தில் இரும்புக் குழாய்த் தூண்கள் நிற்கும். வளைந்த மூக்குப் போன்ற குழாய் என்பதால் நசோனி என்பார்கள். 1870களில் வைக்கத் தொடங்கியவை. நகரம் முழுதும் ஏறத்தாழ 2,500 உண்டு. இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல குளிர்ந்த குடிநீர். வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கிற துளை வழியாகத் தண்ணீர் வளைந்து எழும்பும், குனியாமல் குடிக்கலாம். சித்திரை வைகாசியில் எங்கள் ஊர்ச் சாலையோரம் போடுகிற தண்ணீர்ப் பந்தலை நினைத்துக்கொள்வேன். ரோமில் ஆகஸ்டு மாத வெயில் நம் அக்கினி நட்சத்திரத்துக்குக் குறைந்ததில்லை. அந்தக் குழாய்கள் இல்லாமல் அந்த நகரத்தில் நடக்கவே முடியாது.

கால்தான் சற்றுச் சிரமப்படும். பழைய தெருக்களில் சாம்பியெத்ரீனி என்கிற கருங்கல் துண்டுகளைப் பதித்திருக்கிறார்கள். மழை பெய்தால் வழுக்கும். மெல்லிய அடிச்செருப்பு உதவாது.

நிறுத்தக் கம்பங்களைப் பற்றிச் சொல்லாமல் விடக்கூடாது. அந்த இடத்தில் எந்தெந்த எண் வண்டி நிற்கும், ஒவ்வொன்றும் எந்தெந்த நிறுத்தம் வழியாகப் போகும், முதல் வண்டி எத்தனை மணிக்கு, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று மேலிருந்து கீழாக எழுதியிருக்கும். நாம் நிற்கிற இடத்தைச் சுற்றிக் கட்டம் போட்டிருப்பார்கள். இரவு வண்டிகளுக்கு ஆந்தைப் படம். வண்டி சொன்ன நேரத்துக்கு வருமா என்றால் வராது, ரோம்வாசிகளே சிரிப்பார்கள். ஆனாலும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஊர் திரும்பிய பிறகு நம் பக்கத்து நிறுத்தங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கம்பம் நினைவுக்கு வரும். 2021இலிருந்து நம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. முன்பு வீட்டோடு இருந்த எத்தனையோ பாட்டிகள் இப்போது ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் மகள் வீட்டுக்கும் தாங்களே கிளம்புகிறார்கள். வெயிலில் நின்று, வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்து, "இது எங்கப்பா போவுது?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லும் நடத்துநர் நமக்கு இருக்கிறார், அது பெரிய கொடை. அதோடு ஒரு கம்பத்தில் நாலு வரி எழுதி வைத்தால் என்ன? பேரப்பிள்ளை படித்துச் சொல்வானே. எனக்கு இரண்டும் வேண்டும்.

ரோம் பேருந்தில் யாரும் கேட்பதில்லை என்றேன். அதிகாலை வண்டிகளில் அப்படி இல்லை. ஐந்தரை, ஆறு மணிக்கு ஓடுகிற பேருந்துகள் வேறு நகரம். பிலிப்பைன்ஸ், பெரு, ருமேனியா, வங்கதேசம், இலங்கை என்று உலகத்தின் வீட்டு வேலைக்காரர்கள் எல்லாரும் அதில்தான் இருப்பார்கள். முதியவர்களைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள், அலுவலகம் திறப்பதற்கு முன் தரை துடைக்கப் போகிறவர்கள். அங்கே தமிழ் கேட்டது. மன்னார்ப் பக்கத்து அக்கா ஒருவர், என் உடுப்பையும் முகத்தையும் பார்த்துவிட்டு, "சிஸ்டர், நீங்கள் எவ்விடம்?" என்றார். சொன்னேன். அரியலூர் அவருக்குத் தெரியாது, வேளாங்கண்ணி தெரியும். எனக்கு மடு மாதாவைத் தெரியும். அது போதுமானதாக இருந்தது.

அந்த அக்கா பல வீடுகளில் வேலை செய்தவர். எந்த வண்டி எந்த நேரத்தில் காலியாக வரும், எங்கே ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி நடந்தால் கால்மணி மிச்சமாகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. "இதில ஏறாதேங்கோ சிஸ்டர், சுத்திக்கொண்டு போகும். அடுத்தது வெறுமையா வரும், நில்லுங்கோ." 35 யூரோ மாதச் சீட்டு வாங்கச் சொன்னவரும் அவர்தான். பியாஸ்ஸா வித்தோரியோ பக்கத்துச் சந்தையைக் காட்டியவரும் அவர்தான். பழைய படைக்கொட்டகைக்குள் நடக்கிற அந்தச் சந்தையில் வங்காளிக் கடைகளில் வெண்டைக்காய், பச்சை மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் இருந்தன. அன்று இல்லத்தில் ரசம் வைத்தேன். இத்தாலியச் சகோதரிகள் சூப் என்று நினைத்துக் கரண்டியால் குடித்தார்கள்.

இறங்கும் நேரத்தில் முன்னால் நிற்பவரிடம், அடுத்ததில் இறங்குகிறீர்களா என்று கேட்பது அங்கே வழக்கம். இறங்காதவர் ஒதுங்கி வழிவிடுவார். நான் சரளமாகப் பேசிய முதல் இத்தாலிய வாக்கியம் அதுதான்.

மெட்ரோவைப் பற்றி எனக்கு அதிகம் சொல்ல இல்லை. ஆரஞ்சு நிற ஏ தடம் 1980இல், நீல நிற பி தடம் 1955இல். மூன்றாவதான சி தடத்தில் ஓட்டுநரே இல்லாத ரயில், 2014இல் ஓடத் தொடங்கியது. தோண்டுகிற இடத்திலெல்லாம் பழைய ரோம் எழுந்து வருவதால் வேலை மெதுவாகவே நடந்தது. வேகம்தான், ஆனால் தரைக்குக் கீழே போனால் ஊர் மறைந்துவிடும். அவசரத்துக்கு மட்டும் இறங்குவேன்.

வேலைநிறுத்த நாள்களும் உண்டு, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். காலை எட்டரை வரைக்கும், மாலை ஐந்திலிருந்து எட்டு வரைக்கும் வண்டி கட்டாயம் ஓடும். வேலைக்குப் போகிற ஏழைகளை நடுவழியில் விடாமல் தங்கள் கோரிக்கையையும் கேட்கிற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. இடைப்பட்ட நேரத்தில் மருந்து வாங்க வேண்டியிருந்தால் நடப்பேன். அந்த நாள்களில் நடைபாதையில் கூட்டம் கூடுதல், முகங்களும் கூடுதல்.

2013 மார்ச் 13ஆம் தேதி மாலை நான் கோர்ஸோ வித்தோரியோவில் பேருந்துக்குள் இருந்தேன். தூறல். ஏழு மணிக்குச் சற்றுப் பிறகு யாரோ ஒருவருடைய கைபேசி, பிறகு இன்னொருவருடையது. அதற்குள் கோயில் மணிகள். வெண்புகை! சிஸ்டைன் சிற்றாலயத்தில் புதிய பாப்பரசரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். வண்டி நகர முடியாமல் நின்றது. ஓட்டுநர் கதவுகளைத் திறந்துவிட்டார். சாலை நிறைய ஜனங்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள், அலுவலக உடையில், குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு, மாவுக் கையோடு கடையிலிருந்து வந்த ஒருவர். நானும் ஓடினேன். பாலம் தாண்டிச் சதுக்கத்துக்குள் நுழைந்தபோது மூச்சு வாங்கியது. மாடத்தில் பிரான்சிஸ் வந்து நின்று "மாலை வணக்கம்" என்றார். திரும்பும்போது பேருந்து எதுவும் இல்லை. மழையில் நனைந்தபடி மெருலானா வரைக்கும் நடந்தேன், முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டே நடந்தார்கள்.

ரோமில் நான் நடந்த நடைகளில் என் மனதுக்கு நெருக்கமானது இன்னொன்று. ஈஸ்டருக்குப் பிறகு அக்டோபர் கடைசி வரை, ஒவ்வொரு சனிக்கிழமை நள்ளிரவிலும், போர்த்தா கபேனா சதுக்கத்திலிருந்து ஒரு பாதயாத்திரை கிளம்பும். நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் இருக்கும் திவீனோ அமோரே மாதா திருத்தலத்துக்கு. வெள்ளி, சனி இரவுகளில் மெட்ரோ ஒன்றரை மணி வரை ஓடும் என்பதால் சிர்கோ மாஸ்ஸிமோ நிலையத்தில் இறங்கிக்கொள்ளலாம். எங்கள் இல்லத்திலிருந்து நான் கொலோசியம் பக்கமாக நடந்தே போனேன்.

அங்கே போய் நின்றதும் எனக்குத் தொண்டை அடைத்தது. மாதா படம், கையில் விளக்குகள், ஒலிபெருக்கியில் செபமாலை, வயதானவர்கள், காதலர்கள், மாணவர்கள், கைத்தடியோடு ஒரு பாட்டி. என் பன்னிரண்டாம் வயதில் அப்பாவோடு வேளாங்கண்ணிக்கு நடந்தேன். ஆவணியில் காவி உடுத்தி, அணைக்கரைப் பாலம் தாண்டி, கும்பகோணம் கடந்து, நாகப்பட்டினத்தை நோக்கிக் கூட்டம் கூட்டமாகப் போவோம். வழியெல்லாம் மோர் கொடுப்பார்கள், எந்தச் சாதி, எந்தச் சாமி என்று பார்க்காமல் திண்ணையில் படுக்க இடம் கொடுப்பார்கள். கால் கொப்புளத்துக்கு அப்பா ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவார்.

ரோமிலும் நள்ளிரவில் நடந்தோம். ஆப்பியா என்கிற பழைய ரோமானியச் சாலை, "குவோ வாதிஸ்" சிற்றாலயம், பிறகு அர்தேயாத்தீனா சாலை. 1944 மார்ச்சில் ஜெர்மானியப் படையினர் 335 பேரைச் சுட்டுக் கொன்ற குகைகள் அந்த வழியில் இருக்கின்றன. அந்த இடம் வந்ததும் பாட்டு நின்றது. ஒருவரும் சொல்லவில்லை, தானாக நின்றது. அதைத் தாண்டியதும் ஓர் இளைஞன் என் பையை வாங்கிக்கொண்டான். விடியும்போது திருத்தலத்தில் பூசை. திரும்ப வரப் பேருந்து.

மறுநாள் ஊருக்குப் பேசியபோது அப்பாவிடம் சொன்னேன். முந்திரிக் காட்டையும் எங்கள் மாதா கோயில் திருவிழாவையும் தவிர எதற்கும் பெரிதாக வியக்காதவர். "ராயப்பர் ஊர்லயும் நடக்குறாங்களா?" என்றார். பேதுருவை அவர் ராயப்பர் என்றுதான் சொல்வார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "செருப்புப் போட்டா, போடாமயா?" என்று கேட்டார். போட்டுக்கொண்டுதான் என்றேன். "கல்லு ரோடா இருக்கும்" என்று அவர்களுக்காக அவரே சமாதானம் சொன்னார்.

மாந்துவா சகோதரியிடமும் அந்த நடையைப் பற்றிப் பேசினேன். அவர் பிறந்த ஊருக்குப் பக்கத்தில்தான் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. புனித அலோசியஸ் கொன்சாகாவின் ஊர் என்று பெருமையாகச் சொல்வார். பிளேக் நோயாளிகளைத் தூக்கிச் சுமந்து, 1591இல் ரோமிலேயே இறந்துபோன இளைஞர் அவர். அவருடைய கல்லறை இருக்கும் இஞ்ஞாசியார் கோயிலுக்கு என்னை நடந்து போய்வரச் சொன்னார். போய்வந்தேன். பிறகு நான் சொன்னேன்: "உங்கள் காஸ்திலியோனேயில் 1680இல் இன்னொருவரும் பிறந்தார். பெஸ்கி. எங்களுக்கு வீரமாமுனிவர். என் மாவட்டத்தில், கொள்ளிடக் கரையில், ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். தேம்பாவணி பாடினார். 1732இல் சதுரகராதி எழுதினார்." அவர் கேள்விப்பட்டதேயில்லை. பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். தமிழ் எழுத்திலும் எழுதச் சொல்லி, செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எனக்கு வழி சொல்லும்போதெல்லாம், பெஸ்கியின் ஊர்ப்பெண்ணே என்று கூப்பிடுவார்.

2015 டிசம்பரில் இரக்கத்தின் யூபிலி என்கிற புனித ஆண்டு தொடங்கியபோது வேலை கூடியது. விருத்தாசலம் பக்கத்திலிருந்து ஓர் இளம் சகோதரி உதவிக்கு வந்தாள். வந்த மறுநாள், "அக்கா, பஸ் நம்பர் எல்லாம் எழுதிக் குடுங்க" என்றாள். மாதச் சீட்டு அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி, லாத்தரன் வரைக்கும் கூட்டிக்கொண்டு நடந்தேன். அங்கே தூணைக் காட்டினேன், நசோனியில் தண்ணீர் குடிக்கக் கற்றுக்கொடுத்தேன், ஒரு நிறுத்தக் கம்பத்தருகில் நிறுத்தி 714ஆம் எண் வண்டியின் தடத்தை உரக்கப் படிக்க வைத்தேன். "நாளைக்கு நீ மட்டும் போ. சாந்தா குரோச்சே கோயில் வரைக்கும் போயிட்டு, சந்தையில கறிவேப்பிலை வாங்கிட்டு வா" என்றேன்.

போனாள். நான் கணக்கிட்டதைவிடச் சீக்கிரமாகவே கறிவேப்பிலையோடு வந்து நின்றாள். லாத்தரன் பக்கம் திரும்பி வராமல், கோந்தே வெர்தே என்கிற தெருவுக்குள் நுழைந்து நேராகச் சந்தைச் சதுக்கத்துக்கே போய்விட்டாளாம். இத்தனை காலம் அந்தத் தெருமுனையைக் கடந்து போயும் நான் உள்ளே நுழைந்ததில்லை. நான் ஊர் திரும்பும்வரை சந்தைக்கு அந்த வழியாகத்தான் போனோம், அவள் முன்னால், நான் பின்னால்.